கிராம் கணக்கு

மலைச் சைக்கிள்களின் டயருக்குள்ளிருந்து ட்யூப் விடைபெறத் தொடங்கிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று ஓரளவு விலையுள்ள மலைச் சைக்கிள் ஒன்றின் டயருக்குள் பெரும்பாலும் காற்றும், அடியில் தேங்கிக் கிடக்கும் 100 மில்லிலிட்டர் அளவிலான வெண்ணிறத் திரவமும் மட்டுமே இருக்கின்றன. முள் குத்தினால் அத்திரவம் ஓட்டையை நோக்கி விரைந்து, உறைந்து, அடைத்துவிடும். சீலண்ட் என்று கடைகளில் விற்கப்படும் இதனை இக்கட்டுரையில் அடைப்புப்பால் என்றே குறிப்பிடுவோம். பால் என்ற சொல் உவமையாக வந்ததன்று என்பது பின்னால் விளங்கும்.

இந்த மாற்றத்தை நாம் மனதார வரவேற்கிறோம். நம் மறுப்பெல்லாம் இதனோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு பழக்கத்தின் மீதுதான். ட்யூபைக் கழற்றி எடையைக் குறைத்தவர்கள் அத்துடன் நிற்காமல் டயரையும் மெலியவைத்துக்கொண்டே போனார்கள். அடைப்புப்பால் இருக்கையில் பஞ்சரைப் பற்றிய கவலை எதற்கு என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். இந்த நியாயம் பிழையானது என்பதும், மெல்லிய டயர் ட்யூப் இல்லாச் சக்கரத்தின் மிகப்பெரிய கொடையையே திருப்பிப் பறித்துவிடுகிறது என்பதும் நம் தரப்பு. இதை நிறுவுவதற்கு முதலில் ட்யூப் ஏன் வெளியேறியது என்று பார்க்க வேண்டும்.

காற்றடைத்த சக்கரம் இருமுறை கண்டுபிடிக்கப்பட்ட பொருள். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதைக் கவனிக்காமல் மறந்துபோனது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-ல் அதையே மறுபடி கண்டடைந்தபோது சைக்கிள் பரவிவிட்டிருந்தது. ஆகவே புகழ் அவருக்குச் சேர்ந்தது. ஆயினும் டன்லப்பின் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது; பஞ்சர் ஆனால் சரிசெய்வது பெரும்பாடு. 1891-ல் மிஷெலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டே பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் சென்று திரும்பும் நெடும்பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி வென்றார். பஞ்சரைத் தடுப்பதைவிடப் பஞ்சரைச் சரிசெய்ய முடிவது முக்கியம் என்று அந்த வெற்றி உணர்த்தியது. நூறாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் சாலையோரப் பஞ்சர் கடைகள், தண்ணீர்த் தொட்டியும் உப்புத்தாளும் சொலூஷனுமாக, அந்தப் பாடத்தின் மேல்தான் நடந்துவந்தன.

மலைச் சைக்கிள் வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1976 முதல் சில இளைஞர்கள் பழைய பருத்த டயர்ச் சைக்கிள்களில் மலைச்சரிவுகளில் பாய்ந்து இறங்கும் பந்தயங்களை நடத்தினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். அவர்கள் ஓட்டியவை பெரும்பாலும் ஷ்வின் நிறுவனம் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்த கனத்த வண்டிகள். அவ்வண்டிகளில் அவர்களுக்குப் பயன்பட்டது அந்த டயரின் பருமன்தான். அகலமான டயரில் காற்றைக் குறைவாக அடைக்கலாம். குறைந்த காற்று தரையின் மேடுபள்ளங்களை உள்வாங்கிக்கொள்ளும். வழுக்கலில் பிடி கிடைக்கும். மலைச் சைக்கிளின் முழு ரகசியமும் ஒருவகையில் இவ்வளவுதான் எனலாம்.

ஆனால் காற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ட்யூப் ஓர் எல்லை வகுத்தது. கல்லின் மீது சக்கரம் மோதும்போது டயர் நசுங்கி ரிம்மைத் தொடுகிறது. நடுவில் சிக்கிய ட்யூப் கல்லுக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையே அறுபட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளைகள் விழுகின்றன. உருவத்தை வைத்து இதைப் பாம்புக்கடி என்கிறார்கள். இதற்கு அஞ்சியே ஓட்டுநர்கள் சதுர அங்குலத்துக்கு 30, 35 பவுண்டு என்று காற்றடைத்தார்கள். ட்யூப் இல்லையென்றால் கடிபட அங்கே ஒன்றும் இல்லை. 20 முதல் 25 பவுண்டில் ஓட்டலாம். கரடுமுரடான தரையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் ஓட்டுநரையும் வண்டியையும் தூக்கிப் போடுகிறது. தளர்ந்த டயர் கல்லின் மேல் வளைந்து கடந்துவிடுகிறது. ஆகவே குறைந்த காற்றில் பிடிமானம் மட்டுமன்றி, பல இடங்களில் வேகமும் கூடுகிறது. ட்யூபை நீக்கியதன் மெய்யான லாபம் இதுதான். எடைக் குறைவு அதன் உபரி.

1999-ல் மாவிக், மிஷெலின், ஹட்சின்சன் என்ற பிரெஞ்சு நிறுவனங்கள் சேர்ந்து ட்யூப் இல்லாத மலைச் சைக்கிள் சக்கரத்துக்கு ஒரு பொதுமுறையை வகுத்தபோது, அந்த டயர்கள் கனமாகவே இருந்தன. காற்று கசியாதிருக்க டயரின் உட்புறம் முழுக்கத் தனி ரப்பர் அடுக்கு தேவைப்பட்டது. ட்யூபை எடுத்ததில் மிச்சமான எடை டயரில் வந்து சேர்ந்தது. 2001-ல் ஸ்டான் கோஸியாடெக் என்ற அமெரிக்கர் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சிறு நிறுவனம் இதற்கு வேறு வழி சொன்னது. சாதாரண ரிம்மில் ஒரு பட்டையை ஒட்டி, சாதாரண டயரை மாட்டி, உள்ளே ரப்பர்ப்பால் கலந்த திரவத்தை ஊற்றிக் குலுக்கினால் போதும். கசிவை அத்திரவமே அடைத்துக்கொள்ளும். அதாவது காற்றைக் காக்கும் பொறுப்பு டயரின் கட்டுமானத்திலிருந்து திரவத்துக்கு மாற்றப்பட்டது. நம் கதையின் திருப்பம் இங்கேதான். அதுவரை டயர் கனமாக இருந்தாக வேண்டிய கட்டாயம் இருந்தது. இப்போது அது நீங்கியது. எவ்வளவு மெலியலாம் என்ற போட்டி தொடங்கியது.

அந்தத் திரவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். கன்னியாகுமரி மாவட்டத்திலோ இலங்கையிலோ ரப்பர்த் தோட்டம் கண்டவர்களுக்கு அது புதிதல்ல. மரத்தின் பட்டையைக் கீறியதும் பால் வடிகிறது. சற்று நேரத்தில் கீறலின் மேல் உறைந்து வடிதலை நிறுத்திவிடுகிறது. மரத்துக்கு அது காயத்தை மூடும் உபாயம். ஓர் உயிர் தன் புண்ணை ஆற்றிக்கொள்ளச் சுரப்பதை நாம் சிரட்டையில் சேகரிக்கிறோம். பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்க்கிறோம். தாளாக்க வேண்டுமானால் அமிலம் சேர்த்து உறையவைக்கிறோம். பெரும்பாலான அடைப்புப்பால்களின் அடிப்படை இதே ரப்பர்ப்பால்தான். உள்ளே திரவமாகவே இருக்கச் சிறிது அம்மோனியாவோ வேறு பொருளோ, குளிரில் உறையாதிருக்க கிளைக்கால், ஓட்டையில் சிக்கிக்கொள்ள நுண்ணிய துகள்களும் இழைகளும். முள் குத்தியதும் காற்றழுத்தம் இக்கலவையைத் துளை வழியே வெளியே தள்ளுகிறது. துகள்கள் முதலில் துளையில் சிக்கி வலைபோல் நிற்கின்றன. அவற்றின் மேல் பால் உறைகிறது. மரம் தன் பட்டையில் செய்ததைச் சக்கரம் தன் தோலில் செய்கிறது.

இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சாட்சி. அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் சைக்கிள் ஓட்டுபவர்கள் 'ஆட்டுத்தலை' என்று பெயரிட்டு அஞ்சும் முள் ஒன்று உண்டு. கொம்புள்ள ஆட்டின் தலைபோல் இருப்பதால் அப்பெயர். தாவரவியலில் ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான். சங்கக் கவிகளின் கண்ணில் பட்ட அதே நெருஞ்சி, கடல் கடந்து போய் அங்கும் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். ட்யூப் காலத்தில் நெருஞ்சிப் பாதையில் சென்று திரும்பியவர் பத்துப் பன்னிரண்டு ஒட்டுப் போட வேண்டியிருக்கும். அடைப்புப்பால் உள்ள சக்கரத்தில் அதே முட்கள் குத்தி நிற்க, ஓட்டுநர் அறியாமலே வீடு வந்து சேர்கிறார். இந்த வசதியைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் நமக்குத் துளியும் இல்லை.

ஆனால் முள் செய்யும் காயம் வேறு. கல் செய்யும் காயம் வேறு. முள், தரையைத் தொடும் மேற்பகுதியில் குத்துகிறது. அங்கே ரப்பர் தடிமனாக இருக்கிறது. துளை சிறியது, உருண்டையானது. சுமார் 6 மில்லிமீட்டர் வரையிலான துளைகளை அடைக்கும் என்பது இத்திரவங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச அளவு; அன்றாடத்தில் அதற்கும் குறைவானவற்றையே நம்பலாம். கூர்ங்கல்லோ டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கிறது. கிழிசல் நீளமானது, அதன் இரு உதடுகளும் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து மூடுகின்றன. பால் உறைவதற்கு வேண்டிய அசையாமை அங்கே இல்லை. உறைந்த சவ்வுக்குப் பிடித்து நிற்கத் தடிமனும் இல்லை.

டயரின் எடையை எங்கே குறைக்கிறார்கள் என்பதை இதனோடு சேர்த்து யோசிக்க வேண்டும். மேற்பகுதியின் கட்டைகளை ஓரளவுக்கு மேல் குறைத்தால் பிடிமானம் போய்விடும் என்பதால், நூல் அடுக்கையும் பக்கச்சுவரின் ரப்பரையும்தான் மெலியவைக்கிறார்கள். அதாவது அடைப்புப்பால் கைகொடுக்கும் இடத்தை விட்டுவிட்டு, கைகொடுக்காத இடத்தில் கத்தி வைக்கிறார்கள். 'அடைப்புப்பால் இருக்கிறது, ஆகவே மெல்லிய டயர் போதும்' என்ற வாதம் உடைந்துபோவது இங்கேதான். மருந்து ஒரு நோய்க்கு. பத்தியத்தை விட்டதோ இன்னொரு நோயில்.

சரி, இந்த ஆபத்தை விலையாகக் கொடுத்து வாங்குவது என்ன? கணக்குப் பார்ப்போம். 29 அங்குலச் சக்கரத்துக்கான மெல்லிய பந்தய டயர் 600 முதல் 700 கிராம் இருக்கும். உறுதியான பக்கச்சுவர் கொண்டது 900 முதல் 1000 வரை. ஒரு டயருக்கு 250 கிராம் வித்தியாசம் என்று வைத்தால் இரண்டுக்கும் அரைக் கிலோ. ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ எனில், அரைக் கிலோ என்பது 0.6 சதவீதத்துக்கும் குறைவு. செங்குத்தான மலையில் ஒரு மணி நேரம் ஏறும் ஒருவருக்கு இதனால் மிச்சமாவது சுமார் 20 விநாடி. சுழலும் எடை இரட்டை எடை என்ற பழமொழி இவ்விடத்தில் உடனே நினைவூட்டப்படும். சக்கரத்தின் ஓரத்திலுள்ள எடையை வேகப்படுத்த ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அது வேகம் மாறும் கணங்களுக்கு மட்டும் பொருந்தும். ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருப்பவருக்குச் சக்கரத்தில் இருக்கும் கிராமும் சட்டைப்பையில் இருக்கும் கிராமும் ஒன்றுதான்.

மறுதட்டில், பக்கச்சுவர் கிழிந்தால் டயரைக் கழற்றி, கிழிசலுக்கு உட்புறம் எதையாவது வைத்து, ட்யூப் மாட்டிக் காற்றடிக்க, கைதேர்ந்தவருக்கும் 10 நிமிடம் பிடிக்கும். 30 முறை மலையேறிச் சேர்த்த 20 விநாடிகளை ஒரே கிழிசல் தின்றுவிடுகிறது. கையில் ட்யூப் இல்லாவிட்டால் நடைதான். மலைப்பாதையில் அந்தி சாயும் நேரத்தில் அந்த நடை எத்தகையது என்பதைக் கிராம் கணக்கில் எழுத முடியாது.

நேரக் கணக்கைவிட நமக்கு முக்கியமாகப்படுவது காற்றுக் கணக்கு. ட்யூபை நீக்கியதன் லாபம் காற்றைக் குறைக்க முடிவதில் இருக்கிறது என்று பார்த்தோம். மெல்லிய பக்கச்சுவர் அதற்கு ஒத்துழைப்பதில்லை. காற்றைக் குறைத்தால் வளைவுகளில் டயர் ரிம்மின் அடியில் மடிந்து நெளிகிறது. பக்கவாட்டு விசையில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து ஒரு கணம் விலகி, பால் தெறிக்கக் காற்றை வெளியே விடுகிறது. டயர் 'ஏப்பம் விடுகிறது' என்பது ஓட்டுநர்களின் பரிபாஷை. கல்லில் மோதினால் கடிபட ட்யூப் இல்லாததால் டயரே கடிபடுகிறது, ரிம் நசுங்குகிறது. இவற்றுக்கெல்லாம் அஞ்சி ஓட்டுநர் என்ன செய்கிறார்? மறுபடி 28, 30 பவுண்டு அடைக்கிறார். எந்த அழுத்தத்திலிருந்து தப்பிக்க ட்யூபைத் துறந்தாரோ அந்த அழுத்தத்துக்கே திரும்பி வந்துவிட்டார். ட்யூப் போயிற்று, லாபமும் போயிற்று. எஞ்சியது தராசின் முள் காட்டும் எண் மட்டும்.

இன்னொரு வழியும் உண்டு, அதைவிட அபத்தமானது. ரிம்மைக் காக்க டயருக்குள் நுரை வளையம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். வகையைப் பொறுத்து அது ஒரு சக்கரத்துக்கு நூறு கிராமிலிருந்து இருநூற்றைம்பது கிராம் வரை எடை கொண்டது. செங்குத்தான இறக்கங்களில் மிகத் தடித்த டயருக்குள்ளும் அதைப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு அது தேவை. ஆனால் எடை குறைக்கவென்றே மெல்லிய டயர் வாங்கியவர், அதைக் காப்பாற்ற நுரை வளையம் வாங்கும்போது, ட்யூபில் 200 கிராமும் டயரில் 250 கிராமும் குறைத்து, பாலில் 100 கிராமும் நுரையில் 200 கிராமும் கூட்டியிருக்கிறார். மீதம் 150 கிராம். ஒரு தண்ணீர்ப் போத்தலில் நாலு வாய் குடித்தால் குறையும் எடை.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருப்பதை மறைக்கக் கூடாது. மெல்லிய டயர் எடையில் மட்டும் வேறுபடுவதில்லை, அது இணக்கமானது. நுண்ணிய நூலால் நெய்த உடல் எளிதில் வளைகிறது, வளைந்து நிமிர்வதில் குறைவான ஆற்றலை விழுங்குகிறது. தடித்த டயர் மரத்துப்போனது போல உருளும். பந்தயக்காரர்கள் மெல்லியதைத் தேர்வது வெறும் தராசு மோகத்தால் அல்ல. மென்மண்ணும் வேர்களும் நிறைந்த காட்டுப் பாதையில், எடை குறைந்த ஓட்டுநருக்கு, அது சரியான தேர்வாகவும் இருக்கலாம்.

ஆனால் பந்தயக்காரரின் சூழல் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எலான்கூர் குன்றில் நடந்த மலைச் சைக்கிள் போட்டியின் நடுவில் டாம் பிட்காக்கின் முன்சக்கரத்தில் காற்று இறங்கியது. உதவிப் பகுதியை அடைந்து சக்கரத்தை மாற்றியதில் அரை நிமிடத்துக்கும் மேல் இழந்தார். பிறகு துரத்திச் சென்று கடைசிச் சுற்றில் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தித் தங்கம் வென்றார். முந்தைய நாள் பெண்கள் போட்டியில் இரண்டாமிடத்தில் சென்றுகொண்டிருந்த நெதர்லாந்தின் பக் பீட்டெர்ஸுக்கும் சக்கரம் காற்றிழந்தது. அவரால் மீள முடியவில்லை, நான்காமிடத்தில் முடித்தார். இருவரும் உலகின் தலைசிறந்தவர்கள். அவர்களின் சக்கரங்களைத் தயாரித்தவர்களும் அப்படியே. அவர்களுக்குச் சில விநாடிகள் பதக்கத்தின் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே தெரிந்தே பந்தயம் வைக்கிறார்கள். தோற்றாலும் மாற்றுச் சக்கரத்தோடு ஒருவர் காத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் குன்றேறும் ஒருவர் அவர்களின் டயரை மட்டும் வாங்கிக்கொள்ள முடிகிறது. காத்திருக்கும் அந்த ஆளை வாங்க முடிவதில்லை.

அடைப்புப்பாலைப் பற்றி நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. ட்யூப், காயம் பட்டதும் ஓட்டுநரை நிறுத்திவிடும். அவர் இறங்கி, முள்ளைத் தேடி, பிடுங்கி, ஒட்டுப்போட்டுக் கிளம்புவார். எந்த வழியில் என்ன முள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடைப்புப்பால் காயத்தை ஓட்டுநரிடமிருந்து மறைத்துவிடுகிறது. பாலோ சூட்டையும் காற்றோட்டத்தையும் பொறுத்து இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் டயருக்குள்ளேயே காய்ந்து போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் அப்படியேதான் இருக்கும். பாதுகாப்பு தீர்ந்துபோனதும் தெரிவதில்லை, அதுவரை அது எத்தனை முறை காப்பாற்றியது என்பதும் தெரிவதில்லை. மெல்லிய டயரில் இந்த அறியாமைக்குக் கொடுக்கும் விலை கூடுதல்.

ஆகவே சில எளிய யோசனைகள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உட்பகுதியைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பார்த்து, பால் வற்றியிருந்தால் ஊற்ற வேண்டும். சற்றுப் பெரிய துளைகளுக்கு, நம்மூர்ப் பஞ்சர் கடைகளில் மோட்டார் சைக்கிள் டயருக்குச் செருகுவது போன்ற ரப்பர்த் திரிகளின் சிறிய வடிவம் கிடைக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கரியமில வாயு உருளைகளால் காற்றடைத்தால் சில அடைப்புப்பால்கள் உள்ளேயே திரிந்துவிடும், கைப்பம்பு நல்லது. ட்யூப் ஒன்றை எப்போதும் உடன்கொண்டு செல்ல வேண்டும். அதை மாட்டும் நாள் வரும்போது, டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் மெல்லத் தடவிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஆறிப்போன முட்களெல்லாம் நுனி நீட்டியபடி அங்கே இருக்கும். புது ட்யூபுக்கு அவை ஆறியவை அல்ல.

டயரைத் தேர்வதில் நம் பரிந்துரை இது: ட்யூபை எடுத்துவிடுங்கள்; அந்த எடை போகட்டும். டயரில் கை வைக்காதீர்கள். கூடுதல் சுமை தாங்கும் பின்சக்கரத்திலாவது உறுதியான பக்கச்சுவர் இருக்கட்டும். பிறகு, பவுண்டு பவுண்டாகக் காற்றைக் குறைத்துப் பாருங்கள். நடு டயரின் தரத்தை அதன் எடை சொல்வதைவிட, அதில் அச்சமின்றி எவ்வளவு குறைந்த காற்றில் ஓட்ட முடிகிறது என்பதே நன்றாகச் சொல்லும். அட்டையில் அச்சிட முடியாத எண் என்பதால் அதை எந்த நிறுவனமும் விளம்பரப்படுத்துவதில்லை. ஓட்டுநரின் எடைக்கும் அவர் ஓட்டும் மண்ணுக்கும் ஏற்ப அது மாறும். அவரவர் பாதையில் அவரவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.